முகவரி ஏட்டின் வரலாறு



பாடசாலையில் ஒரு மாணவனுக்கு இரண்டு இலக்கங்கள் உண்டு. ஒன்று, அவன் வந்து சேர்ந்த நாளிலே சேர்வு இடாப்பில் எழுதப்படும் சேர்விலக்கம். மற்றது, பரீட்சை மண்டபத்திலே அவன் அமரும் ஆசனத்தின் இலக்கம். முன்னையது அவன் பாடசாலையை விட்டு நீங்கும்வரை மாறுவதில்லை. நீங்கிய பின்னரும் வேறொருவருக்குக் கொடுக்கப்படுவதில்லை. பின்னையதோ அன்றைய தேவைக்கு மட்டும் உரியது. இன்று ஒருவன் அமர்ந்த ஆசனத்தில் நாளை இன்னொருவன் அமர்வான். அதனால் எவருக்கும் குறை நேர்வதில்லை.

கணினி வலையமைப்புக்களிலும் இவ்விருவகை இலக்கங்கள் உள்ளன. வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு பொறிக்கும் அதனை ஆக்கியோர் இட்ட இலக்கம் ஒன்று உண்டு. அதனை மக் முகவரி என்பர். வலையமைப்பில் சேர்ந்தபின் அது பெறும் இலக்கம் வேறு, அதனை ஐ.பி. முகவரி என்பர். முதலாவதைச் சேர்விலக்கத்துக்கும் இரண்டாவதை ஆசன இலக்கத்துக்கும் ஒப்பிடலாம். ஆசனம் மாறினாலும் பெரும்பாலான கணினிகளுக்கு இடையூறில்லை. ஆயின், மாறவே கூடாத ஆசனங்களும் சில உள. அவற்றைக் காத்துக் கொடுக்கும் முறை எவ்வாறு தோன்றியது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இப்பொருளில் என் கருத்துச் சென்றதற்குக் காரணமான ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தவணை முடிவிலே, தேர்ச்சி அறிக்கைகள் அச்சிடப்பட வேண்டிய காலையில், நான் பணியாற்றிய பாடசாலையின் அலுவலக அச்சுப்பொறி ஊமையாயிற்று. மின்சாரம் இருந்தது; மை இருந்தது; கடதாசியும் இருந்தது. பெற்றோர் வாயிலில் வந்து நின்றனர். முந்திய இரவு மின்சாரம் தடைப்பட்டபோது, முகவரி வழங்கும் சிறு பெட்டி தான் யாருக்கு எந்த இலக்கத்தைக் கொடுத்தது என்பதை மறந்துவிட்டது. காலையில் அச்சுப்பொறியின் பழைய இலக்கம் மாணவர் கூடத்திலுள்ள ஒரு கணினிக்குப் போயிற்று. அச்சுப்பொறி வேறோர் இலக்கம் பெற்றது. அலுவலகக் கணினிகளோ பழைய இலக்கத்துக்கே தேர்ச்சி அறிக்கைகளை அனுப்பிக்கொண்டிருந்தன. வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் எழுதிய கதைதான்.

அங்கு வந்த இளைஞரொருவர் அட்டவணையொன்றைத் திறந்து ஒரே ஒரு வரியை எழுதினார். அச்சுப்பொறி பேசத் தொடங்கிற்று. அந்த வரியை முதன்முதலில் எழுதியவர் யாராக இருக்கலாம் என்ற வினா அன்று என் மனத்தில் எழுந்தது.

அதற்கு விடை காண, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குச் செல்ல வேண்டும். 1969 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள், லொஸ் ஏஞ்சலீசிலுள்ள பல்கலைக்கழகக் கணினி ஒன்றிலிருந்து ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்துக் கணினி ஒன்றுக்கு முதற் செய்தி அனுப்பப்பட்டது. அனுப்ப எண்ணிய சொல்லின் முதலிரண்டு எழுத்துக்கள் சேர்ந்த அளவிலே மறுமுனைக் கணினி செயலற்றுப் போயிற்று. ஆர்ப்பாநெற் எனப்பட்ட அவ்வலையமைப்பில் அவ்வாண்டு முடிவில் நான்கு நிலையங்களே இருந்தன. நான்கு வீடுகள் மட்டும் உள்ள ஊரிலே இலக்கப் பலகை எதற்கு? ஏடும் வேண்டியதில்லை, ஏடு காப்பவரும் வேண்டியதில்லை.

ஊர் வளர்ந்தது, ஏடு தேவைப்பட்டது. அதனைக் காத்தவர் ஓர் அம்மையார். எலிசபெத் ஃபைன்லர் என்பது அவர் பெயர். கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் அமைந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில், வலையமைப்புத் தகவல் நிலையத்தை 1970களின் முற்பகுதியிலிருந்து 1989 வரை அவர் வளர்த்து நடத்தினார். எந்தக் கணினிக்கு எந்தப் பெயர், எந்த இலக்கம் என்பன ஒரே கோப்பிலே எழுதப்பட்டன. புதிதாக ஒரு கணினியை இணைக்க விரும்புவோர் அந்நிலையத்தோடு தொடர்புகொண்டு பதிவுசெய்தனர். அலுவலக நேரத்தில் தொலைபேசியிற் கேட்டுப் பெறுவதும் வழக்கமாயிருந்தது. ஏனைய நிலையங்கள் அக்கோப்பின் பிரதியை அவ்வப்போது எடுத்துக்கொண்டன. உலகத்தின் வலையமைப்பு முழுவதும் ஒரே இடாப்பில் அடங்கியிருந்த காலம் அது.

இலக்கங்களைப் பங்கிடுதலில் இன்னொருவர் பெயரும் நினைக்கற்பாலது. அவர் ஜோன் போஸ்டல். 1972 ஆம் ஆண்டு மே மாதம், வலையமைப்பின் சேவைகளுக்கு உரிய இலக்கங்களை ஒருவர் பொறுப்பாக நின்று வழங்க வேண்டும் என்று அவர் ஒரு குறிப்பு எழுதினார். அவ்வொருவர் தாமாக இருக்கலாமோ என்பதையும் ஒரு கேள்விக்குறியோடு சேர்த்துக்கொண்டார். அக்கேள்விக்கு வாழ்நாள் முழுவதும் அவரே விடையாக இருந்தார். 1998 ஒக்டோபர் 16 இல், 55 ஆவது வயதில் மறையும் வரை, இணையத்தின் இலக்கங்களுக்கு அவர் காவலர்.

1981 செப்டெம்பரில், இன்றும் வழங்கும் ஐ.பி. நெறிமுறை போஸ்டலைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியாயிற்று. அதன்படி ஒவ்வொரு முகவரியும் 32 இருமக் குறிகளால் ஆவது. எல்லாவற்றையும் எண்ணினால் 429 கோடியே 49 இலட்சத்துக்குச் சற்று மேல் வரும். அது அந்நாளில் வற்றாத கடலாகத் தோன்றிற்று. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் ஒன்றுக்கே ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் கிடைத்தன. 1983 சனவரி முதலாம் நாள் ஆர்ப்பாநெற் பழைய நெறிமுறையைக் கைவிட்டு இப்புதிய நெறிமுறைக்கு மாறிற்று. அதே ஆண்டிலே போல் மொக்கபெற்றிஸ் பெயர்களுக்கான புதியதோர் ஒழுங்கை வகுத்தார். ஒரே கோப்பில் உலகத்தை அடக்குதல் இனி இயலாது என்பது தெளிவாகிவிட்டது.

இக்காலத்திலே சேர்விலக்கமும் பிறந்தது. 1973 இல் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடமொன்றில் ரொபேட் மெற்காவ், டேவிட் பொக்ஸ் முதலியோர் ஈதர்நெற் என்னும் இணைப்பு முறையை உருவாக்கத் தொடங்கினர். 1980 இல் டிஜிட்டல், இன்ரெல், செரொக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அதன் விதிகளை வெளியிட்டபோது, ஒவ்வொரு பொறிக்கும் 48 இருமக் குறிகள் கொண்ட இலக்கம் என்று விதித்தன. முற்பாதி ஆக்கிய நிறுவனத்தைக் குறிக்கும். பிற்பாதி அந்நிறுவனம் ஒவ்வொரு பொறிக்கும் இடும் வரிசை இலக்கம். பொறி எந்த நாட்டுக்குச் சென்றாலும், எந்த வலையமைப்பிற் சேர்ந்தாலும், அவ்விலக்கம் கூடவே செல்லும்.

இனி நம் அட்டவணை வரிக்கு வருவோம். 1980களில் வன்தட்டு விலை மிகுந்த பொருளாயிருந்தது. ஆதலின் தட்டே இல்லாத பணிநிலையங்கள் செய்யப்பட்டன. அவை வேண்டிய யாவற்றையும் வலையமைப்பின் வழியே சேவையகமொன்றிலிருந்து பெற்றன. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. தட்டில்லாத பொறிக்கு நினைவில்லை. காலையில் விழித்தெழும்போது தன் ஐ.பி. முகவரி யாது என்பதே அதற்குத் தெரியாது. முகவரி இல்லாதவன், தன் முகவரியைக் கேட்டு யாருக்குக் கடிதம் எழுதுவான்? விடை எந்த முகவரிக்கு வந்து சேரும்?

அப்பொறிக்குத் தெரிந்தது ஒன்றே: தன் சேர்விலக்கம். அதனையே கூவிச் சொல்லித் தன் ஆசனத்தைக் கேட்கலாம் என்று கண்டனர். 1984 ஆம் ஆண்டு யூன் மாதம் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் நால்வர் எழுதிய ரார்ப் என்னும் நெறிமுறை இவ்வகையில் முதலாவது. பொறி தன் மக் முகவரியைக் கூவும். சேவையகம் தன் அட்டவணையைப் பார்த்து, உன் ஐ.பி. முகவரி இது என்று கூறும். ஆனால் அக்கூவல் ஒரு வலையமைப்புத் துண்டுக்கு அப்பாற் செல்லாது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு சேவையகம் வைக்க வேண்டியிருந்தது. முகவரியன்றி வேறொன்றையும் அது தெரிவிப்பதில்லை.

1985 செப்டெம்பரில் ஸ்ரான்போட்டைச் சேர்ந்த பில் குரொவ்ற், சன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் கில்மோர் ஆகிய இருவரும் பூட்பி என்னும் நெறிமுறையை வெளியிட்டனர். இதிலே கூவலை ஏற்று அடுத்த வலையமைப்புக்கு அனுப்பும் தூதுவரை அமைக்க முடிந்தது. எந்தக் கோப்பைப் பெற்றுத் தொடங்க வேண்டும் என்பதையும் சேவையகம் கூறிற்று. இதன் உயிர்நாடியும் அட்டவணையே. ஒரு புறம் மக் முகவரி, மறுபுறம் ஐ.பி. முகவரி என ஒவ்வொரு பொறிக்கும் ஒரு வரியைப் பொறுப்பாளர் தம் கையால் எழுதிவைத்தார். எங்கள் அச்சுப்பொறிக்காக அந்த இளைஞர் எழுதிய வரியும் அதே வகையினது. வன்தட்டு வாங்க இயலாத பொறிகளுக்காகப் பிறந்த வழக்கம் அது.

அவ்வழக்கத்துக்கும் எல்லை இருந்தது. அட்டவணையில் இல்லாத பொறிக்கு ஆசனமில்லை. அலுவலகங்களில் கணினிகள் பெருகின. மடியில் வைத்துச் சுமக்கும் கணினிகளும் வந்தன. 1990 இல் கல்பனா என்னும் நிறுவனம் ஈதர்நெற் ஆளியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவரை ஒரே கம்பியிலே எல்லாரும் கூடிப் பேசினர். ஆளியோ ஒவ்வொரு துறையிலும் நிற்பவரின் மக் முகவரியைக் கற்று, உரியவருக்கு உரிய செய்தியை மட்டும் அனுப்பியது. அந்நிறுவனத்தை 1994 இல் சிஸ்கோ நிறுவனம் வாங்கியது. வலையமைப்பில் சேர்வது இவ்வாறு எளிதாகி வந்தது. ஆயின் சேரும் ஒவ்வொருவருக்கும் கையால் வரி எழுதுதல் அரிதாயிற்று.

1993 ஒக்டோபரில், பென்சில்வேனியாவின் பக்னல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ப் ட்ரோம்ஸ் டி.எச்.சி.பி. என்னும் நெறிமுறையை எழுதி வெளியிட்டார். 1997 மார்ச்சில் அது திருத்தம் பெற்றது. பூட்பியின் செய்தி வடிவத்தையே எடுத்துக்கொண்டு அதனுள்ளே ஒரு புதுக் கருத்தை அவர் நுழைத்தார். அதுவே குத்தகை. முகவரியைச் சொந்தமாகக் கொடாது, குறித்த காலத்துக்கு மட்டும் கொடுத்தல்.

அதன் நடைமுறை நான்கு சொற்களில் அடங்கும். புதிய பொறி, முகவரி தருவார் உளரோ என்று கூவும். சேவையகம், இது வேண்டுமா என்று ஒன்றை முன்வைக்கும். பொறி, அதனையே தருக என்று கேட்கும். சேவையகம், தந்தோம் என்று உறுதி கூறும். குத்தகைக் காலத்திற் பாதி கழிந்ததும் பொறி புதுப்பிக்கக் கேட்கும். விடை வாராவிடின், எட்டில் ஏழு பங்கு கழிந்தபின் எந்தச் சேவையகமேனும் தருமாறு மீண்டும் கூவும். அப்பொழுதும் விடையின்றிக் காலம் முடிந்தால் ஆசனத்தை விட்டெழ வேண்டும். விட்டுச் சென்ற ஆசனம் அடுத்தவருக்கு.

ட்ரோம்ஸ் பழைய வழக்கத்தைத் தள்ளிவிடவில்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. முகவரி வழங்க மூன்று வழிகளை அவர் கூறினார். ஒருமுறை கொடுத்து என்றைக்கும் விட்டுவிடுவது ஒன்று. குத்தகைக்குக் கொடுப்பது மற்றொன்று. பொறுப்பாளர் தாமே தீர்மானித்த முகவரியைச் சேவையகம் எடுத்துச் சொல்வது மூன்றாவது. இம்மூன்றாவதே இன்று முகவரி ஒதுக்கிவைத்தல் என வழங்குகிறது. பூட்பியின் அட்டவணை புதிய வீட்டிலே ஓர் அறையைப் பெற்றது. அச்சுப்பொறி, கோப்புச் சேவையகம், காவற் கமரா, தொலைபேசிப் பரிமாற்றி போன்று பிறரால் தேடப்படுவன யாவும் அவ்வறையிற் குடியிருக்கின்றன. தேடிச் செல்வோர் எங்கிருந்தாலும் பாதகமில்லை. தேடப்படுவோர் இடம் மாறலாகாது.

அச்சுப்பொறிக்குள்ளேயே ஒரு முகவரியை நேராக எழுதிவிட்டால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். எழுதலாம், பலர் எழுதுகின்றனர். ஆனால் சேவையகத்துக்கு அது தெரியாது. தெரியாமையால் அதே இலக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடவுங் கூடும். ஓர் ஆசனத்தில் இருவர் அமர முயன்றால் இருவருக்கும் இடமில்லை. வலையமைப்பின் இலக்க ஒழுங்கை மாற்றும்போதும், ஒவ்வொரு பொறியாகத் தேடிச் சென்று திருத்த வேண்டும். ஒதுக்கிவைத்தலில், பொறி ஏனையோரைப் போலவே கூவிக் கேட்கிறது. ஏடு மட்டும் அதனை மறவாதிருக்கிறது. திருத்தம் வேண்டின் ஏட்டிலே ஒரு வரியைத் திருத்தினாற் போதும்.

இக்காலத்து ஆளிகள் பல முகவரி வழங்கும் பணியையும் தாமே ஏற்றுள்ளன. அங்கே கவனிக்க வேண்டிய நுட்பங்கள் சில உண்டு. ஒரு பொறி தன் மக் முகவரியோடு வேறோர் அடையாளக் குறியையும் கூறலாம். கூறினால் சேவையகம் அக்குறியையே கொள்ள வேண்டும் என்பது விதி. பல பொறிகள் மக் முகவரியின் முன்னே 01 என்பதைச் சேர்த்து அக்குறியாகக் கூறுகின்றன. ஏட்டில் அந்த 01 எழுதப்படாவிடின், வரி இருந்தும் பயனில்லை. ஒதுக்கிய இலக்கம் பொதுவாக வழங்கும் தொகுதிக்கு உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்பதும் சேவையகத்துக்குச் சேவையகம் வேறுபடும். வலையமைப்பு அட்டை பழுதாகி மாற்றப்பட்டால் சேர்விலக்கமும் மாறிவிடும்; பழைய வரி இறந்தவர் பெயரில் எழுதிய உறுதிபோல் ஆகிவிடும்.

இக்கடைசித் தொல்லைக்கு ஆளியே ஒரு வழி காட்டிற்று. 2001 சனவரியில் வகுக்கப்பட்ட விதியொன்றின்படி, பொறியின் கூவலை எடுத்துச் செல்லும் தூதுவர் அது எந்தத் துறையிலிருந்து வந்தது என்பதையும் உடன் குறித்தனுப்பலாம். எனவே முகவரியைப் பொறிக்கன்றித் துறைக்கே ஒதுக்க முடிந்தது. தொழிற்சாலையொன்றிலே ஒரு கருவி பழுதானால், அதே துறையில் வேறொன்றைச் செருகினாற் போதும். முன்னதன் முகவரி பின்னதற்கு வந்துவிடும். அதிபர் மாறினாலும் அதிபரின் கதிரை மாறுவதில்லை அன்றோ?

இலக்கங்களோ நாளடைவிற் குறைந்தன. 1996 பெப்ரவரியில், எவரும் தம் வீட்டுக்குள்ளே வழங்கிக்கொள்ளத்தக்க தனி முகவரித் தொகுதிகள் மூன்று விதிக்கப்பட்டன. வீடுகளிலும் பாடசாலைகளிலும் நாம் காணும் 192.168 என்னும் தொடக்கம் அவற்றுள் ஒன்றைச் சேர்ந்தது. 2011 பெப்ரவரி 3 ஆம் நாள், உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகளும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டன. வற்றாத கடல் என்று எண்ணியது முப்பது ஆண்டுகளிலே வற்றிற்று.

அதன்பின் நேர்ந்த மாற்றம் இவ்வரலாற்றின் அடிப்படையையே தொட்டது. மாறாத சேர்விலக்கம் ஒன்று உண்டு என்பதன்மேலன்றோ அட்டவணை நின்றது? கைத்தொலைபேசியைக் கொண்டு திரியும் மனிதரை அந்த மாறாமையே காட்டிக்கொடுத்தது. கடைகளும் பொது இடங்களும் தொலைபேசியின் மக் முகவரியைக் கொண்டு, இன்னார் மீண்டும் வந்தார், இவ்வளவு நேரம் நின்றார் என்று கணக்கெடுக்க முடிந்தது. ஆதலால் 2019 இல் அன்ட்ரொயிட்டின் பத்தாம் பதிப்பும், 2020 இல் ஐபோன்களின் பதினான்காம் பதிப்பும், வலையமைப்புக்கு ஒன்றாகப் புனைந்த இலக்கத்தைக் கூறும் வழக்கத்தை இயல்பாக்கின. முகமூடி அணிந்து வருபவருக்கு ஆசனம் ஒதுக்குதல் எளிதன்று. தொலைபேசிக்கு நிலையான முகவரி வேண்டுமாயின், அவ்வலையமைப்பிலேனும் முகமூடியைக் கழற்ற அதன் உரிமையாளர் இசைய வேண்டும்.

இதனை ஒரு குறையென்று நான் கருதவில்லை. ஏட்டிலே பெயரெழுதுவதன் பொருள் என்ன என்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது. சுவரோரம் நிற்கும் அச்சுப்பொறி கண்டறியப்பட வேண்டியது. அதற்காகவே அது அங்கு நிற்கிறது. வழியிற் செல்லும் மனிதர் பின்தொடரப்பட வேண்டியவர் அல்லர். எதனை எழுதிவைப்பது, எதனை எழுதாது விடுவது என்று தீர்மானிப்பது ஏடு காப்பவரின் பொறுப்பு. எலிசபெத் ஃபைன்லரின் கோப்பும், ஜோன் போஸ்டலின் இலக்கங்களும் பல்லாண்டு நம்பப்பட்டன. அவற்றைக் காத்தவர்கள் அப்பொறுப்பை அறிந்திருந்தமையே அதற்குக் காரணம்.

எங்கள் பாடசாலையில் அன்று தேர்ச்சி அறிக்கைகள் நண்பகலுக்குள் அச்சாகிவிட்டன. பெட்டியிலுள்ள அட்டவணை இன்னொரு மின்தடையில் அழிந்தாலும் அழியலாம் என்று எண்ணிய நான், அந்த இளைஞரைக் கொண்டு அவ்வரியைப் பாடசாலைப் பொருட்பதிவேட்டிலும் எழுதுவித்தேன். அலுவலக அச்சுப்பொறி, அதன் மக் முகவரி, அதற்குரிய ஐ.பி. முகவரி, எழுதிய திகதி என நான்கு கூறுகள் கொண்ட வரி அது. மேசை, கதிரை, கரும்பலகை என்பவற்றின் பட்டியலுக்குக் கீழே அது இருக்கிறது. எனக்குப் பின் அவ்வேட்டைத் திறப்பவருக்கு அது விளங்கினாற் போதும்.